சர்வீஸ் ஆகி வந்த லேப்டாப்பில் புதிதாக விண்டோஸ் போடுவது: கடைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மதர்போர்டு வேலை, டிஸ்ப்ளே, கீபோர்டு, ஹிஞ்ச் எல்லாம் பார்ப்போம். வேலையை முடித்து லேப்டாப்பைக் கையில் கொடுக்கும்போதுதான் கேள்விகள் தொடங்கும். ஓ.டி. என்கிற பழைய நகரத்திலிருந்து சைக்கிளில் வருபவரும் பாகூரிலிருந்து பஸ் ஏறி வருபவரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித் தொண்டை காய்ந்ததால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும் என் பதில்களையும் எழுதிவிட்டேன். பெரும்பாலும் விண்டோஸ் பற்றித்தான். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் ஓரிடத்தில் எட்டிப்பார்க்கும்.

அக்கா, ஃபார்மேட் போடுறதும் ஓஎஸ் போடுறதும் ஒண்ணுதானா?

பேச்சில் ஒன்று, வேலையில் இரண்டு. ஃபார்மேட் என்பது டிஸ்கின் ஒரு பகுதியைக் காலி செய்வது. ஓஎஸ் போடுவது என்பது அங்கே விண்டோஸை ஏற்றுவது. பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, பழைய விண்டோஸ் இருந்த இடத்தை அழித்து, காலி இடத்தில் புதியதை ஏற்றினால் அதற்குப் பெயர் கிளீன் இன்ஸ்டால். பழைய விண்டோஸுக்குள் இருந்தபடியே மேலே ஏற்றுவது வேறு. அதில் உங்கள் கோப்புகள் தப்பும், பழைய தொல்லைகளும் கூடவே தப்பும்.

ஃபார்மேட் போட்டா எல்லாம் சரியாயிடும்தானே?

இந்த நம்பிக்கைதான் எனக்கு அதிக வேலை வைக்கிறது. வைரஸ், கெட்டுப்போன டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சின்ன மென்பொருள்), பாதியில் நின்ற அப்டேட், ஐந்து வருடமாகச் சேர்ந்த குப்பை எல்லாம் போகும். டிஸ்கில் பேட் செக்டர் எனப்படும் கெட்டுப்போன இடங்கள், ரேம் கோளாறு, தூசி அடைத்துச் சுற்றாத விசிறி இவையெல்லாம் எத்தனை முறை ஓஎஸ் போட்டாலும் போகாது.

கடை தொடங்கிய புதிதில் ஒரு லேப்டாப்புக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை விண்டோஸ் போட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் நீலத் திரை. நான்காம் முறை ரேமைக் கழற்றிப் பார்த்தால் அதன் தொடுமுனைகளில் பச்சை பூத்திருக்கிறது. பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன், நின்றுவிட்டது. மூன்று முறையும் நான் துடைத்தது அந்த மனுஷனின் பொறுமையைத்தான்.

அதன்பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் நிலையைப் பார்ப்பேன். மஞ்சளாகவோ சிவப்பாகவோ காட்டினால் டிஸ்கை மாற்றாமல் ஓஎஸ் போடமாட்டேன். ராத்திரி மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டுப் போவேன், காலையில் ரேமின் லட்சணம் தெரிந்துவிடும். இரண்டிலும் தேறிய பிறகு போடும் விண்டோஸ், செய்த ரிப்பேருக்கே ஒரு பரீட்சை. சுத்தமான விண்டோஸிலும் பழைய கோளாறு வந்தால், குற்றம் மென்பொருளில் இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

சர்வீஸ் முடிஞ்சு வந்ததும் நீலக்கலர் ஸ்கிரீன் வருது, இல்லன்னா டிஸ்கே இல்லைன்னு சொல்லுது. ஃபார்மேட் போட்டுடலாமா?

பொறுங்கள். போர்டு வேலை பார்க்கும்போது பேட்டரியையும் பட்டன் செல்லையும் கழற்றுவோம். அதில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி லேப்டாப்பைத் தொடங்கும் மென்பொருள்) அமைப்புகள் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடலாம். உங்கள் விண்டோஸ் லெகசி என்ற பழைய தொடக்க முறையில் போட்டதாக இருந்து, பயாஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்குப் போயிருந்தால், டிஸ்க் நன்றாக இருந்தும் பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் தொடங்காது. அதேபோல டிஸ்கோடு போர்டு பேசும் முறை ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்பதற்கோ அங்கிருந்து இங்கோ மாறியிருந்தால், பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்று நீலத் திரை வரும்.

பயாஸுக்குள் போய் அந்த ஒரு அமைப்பைப் பழையபடி வைத்தால் லேப்டாப் ஒன்றும் நடக்காததுபோலத் திறக்கும். இரண்டு நிமிட வேலை. இதற்குப் போய் ஃபார்மேட் போட்டுக் குழந்தையின் பிறந்தநாள் படங்களைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். தேதி அடிக்கடி பழைய வருடத்துக்குப் போனால் பட்டன் செல் தீர்ந்திருக்கும், அதை மாற்றுங்கள். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள்கூடப் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும்.

புயல்ல தண்ணி பட்ட லேப்டாப். போர்டு வேலைதான் முடிஞ்சிடுச்சே, இன்னைக்கே ஓஎஸ் போட்டுக் குடுத்துடும்மா, அவசரம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை ஒரு பக்கம் என்றால், சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி இன்னொரு பக்கம் கடலூரைச் சூழ்ந்தது. அந்த டிசம்பர் முழுக்கக் கடையில் சேற்று வாசனைதான். அவசரப்பட்டு அன்றே ஓஎஸ் போட்டுக் கொடுத்தவற்றில் சில பொங்கலுக்குள் திரும்பி வந்தன.

காரணம் இதுதான். போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்தாலும், சிப்புகளுக்கு அடியில் தங்கிய ஈரமும் உப்பும் மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும். இன்று ஓடும், பத்து நாளில் ஒரு பாகம் போகும். அதனால் தண்ணீர் பட்டதில் முதலில் டிஸ்கைக் கழற்றி, வேறு கணினியில் மாட்டி, உள்ளே இருப்பதை நகல் எடுத்துவிடுகிறோம். பிறகு சோதனை டிஸ்க் ஒன்றை மாட்டி இரண்டு மூன்று நாள் ஓடவிடுகிறோம். யுஎஸ்பி, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜிங் எல்லாம் நிலையாக இருந்தால்தான் உங்கள் டிஸ்கில் புது விண்டோஸ். வாங்கிப்போன பிறகும் ஒரு வாரத்துக்கு அதில் ஒரே பிரதியாக எதையும் வைக்காதீர்கள். தேவனாம்பட்டினத்தில் கடல் பார்த்த ஜன்னலோரம் மேசை போட்டிருப்பவர்களுக்கு இது வெள்ளம் வராமலே பொருந்தும். உப்புக்காற்று போர்டுகளை நிறைய பார்த்துவிட்டேன்.

எதெல்லாம் பேக்கப் எடுக்கணும்? எனக்கு முக்கியமானது எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு, அது போகாதுல்ல?

அதுதான் முதலில் போகும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவுக்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருப்பவை. கண்ணெதிரே இருப்பதால் பத்திரம் என்று தோன்றும், அவ்வளவுதான். உங்கள் பெயர் கொண்ட அந்த ஃபோல்டரை முழுதாக எடுத்துவிடுங்கள், ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் கட்டாயம் ஒன்று விட்டுப்போகும்.

எல்லோரும் மறப்பவை சில உண்டு. கணக்கு மென்பொருளான டேலியின் தரவு ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று டேலிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளுங்கள், லைசென்ஸ் இருந்தால் ஃபார்மேட்டுக்கு முன் சரண்டர் செய்யுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக் மெயில் கோப்பு, பழைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாமே பட்டியலில் உண்டு. ஜிஎஸ்டி டோக்கன் (யுஎஸ்பியில் செருகுவது) வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை, டிஜிட்டல் கையொப்பம் அந்த டோக்கனுக்குள் இருக்கிறது. அதன் டிரைவரை மட்டும் திரும்பப் போடவேண்டும்.

நகல் எடுத்த பிறகு அந்த வெளி டிஸ்கை இன்னொரு கணினியில் செருகி நாலு கோப்பைத் திறந்து பாருங்கள். அப்புறம் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் ஓஎஸ் வேலையைத் தொடங்கவேண்டும். இன்ஸ்டாலர் காட்டும் பட்டியலில் பேக்கப் டிஸ்கும் நின்றால், தூக்கக் கலக்கத்தில் அதையே அழித்துவிடும் வாய்ப்பு உண்டு.

புதுசா ஓஎஸ் போட்டதும் பழைய தமிழ் ஃபைல் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா வருது. வைரஸா?

வைரஸ் இல்லை, பாமினி என்ற பழைய எழுத்துரு. பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் கடைக்காரர்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இதைக் கேட்பார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவுவதற்கு முன் வந்த இப்படிப்பட்ட எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்களே. எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் புரியாத ஆங்கிலக் குவியலாகத் தெரியும்.

பழைய எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் போதும், கோப்பு அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஃபார்மேட்டுக்கு முன்னாலேயே விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸை நகல் எடுக்கச் சொல்கிறேன். புதிதாகத் தட்டச்சு செய்ய விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வரும். இனி எழுதுவதையாவது யூனிகோடில் எழுதினால் அடுத்த முறை இந்தக் கேள்வி வராது.

டி டிரைவ்ல இருக்கிறதைத் தொடாம சி டிரைவ் மட்டும் போடலாமா?

போடலாம். இன்ஸ்டாலர் பகுதிகளின் பட்டியலைக் காட்டும்போது பழைய விண்டோஸ் இருந்த பகுதியை மட்டும் அளவைப் பார்த்து அடையாளம் கண்டு அழித்து, அங்கே போடவேண்டும். அங்கே சி, டி என்று பெயர் எழுதியிருக்காது. பகுதி எண்ணும் அளவும்தான் இருக்கும். அதனால் வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு டிரைவும் எத்தனை ஜிபி என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 100 எம்பி அளவில் ஒரு சின்னப் பகுதி தென்படும், அது பூட் ஆவதற்கானது. அதைப் பார்த்து மிரளவேண்டாம்.

என் கட்சி வேறு. பேக்கப் பத்திரமாக இருந்தால், அந்த டிஸ்கின் எல்லாப் பகுதிகளையும் அழித்து ஒரே காலி இடமாக்கி, அதைத் தேர்ந்தெடுத்து அடுத்து என்று அழுத்திவிடுங்கள். தேவையான சின்னப் பகுதிகளை விண்டோஸே உண்டாக்கிக்கொள்ளும். லெகசி, யுஇஎஃப்ஐ குழப்பமும் அத்தோடு தீரும். பேக்கப் இல்லையென்றால் டி டிரைவை மட்டுமல்ல, எதையுமே தொடாதீர்கள்.

48 நம்பர் போடச் சொல்லுதும்மா. நான் எந்தப் பூட்டும் போடலையே?

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்தும் பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டால் இது இன்னும் பரவலாக நடக்கும். பிட்லாக்கர் என்பது இதன் பெயர். சாவி போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில் இருப்பதால் வழக்கமாக உங்களுக்குத் தெரியவே தெரியாது. போர்டு மாற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ, சில சமயம் அமைப்பை மாற்றினாலோகூட, அந்நியர் கைக்குப் போய்விட்டது என்று நினைத்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்.

அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்பு எண்ணைப் பாருங்கள். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்கவேண்டும். கணக்கு யாருடையது என்பதுதான் இங்கே சிக்கல். முதல் நாள் லேப்டாப்பைத் திறந்து கொடுத்த மகனுடையதா, கல்லூரி கொடுத்த மெயிலா, பெங்களூரில் இருக்கும் மருமகனுடையதா என்று குடும்பமே கூடி விசாரிக்க வேண்டியிருக்கும்.

எண் கிடைக்கவே இல்லையென்றால் டிஸ்கை அழித்துப் புதிதாகப் போடலாம். உள்ளே இருந்ததைத் திரும்ப எடுக்க என்னாலும் முடியாது, வேறு எந்தக் கடையாலும் முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். லேப்டாப் இன்னும் உயிரோடு இருந்தால், சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பே இந்தப் பூட்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பென்டிரைவ் எத்தனை ஜிபி வேணும்? மொபைல் டேட்டாவில இறக்கிடலாமா?

8 ஜிபி போதும். அதில் ஏற்கெனவே இருப்பது அழியும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை நல்ல கணினி ஒன்றில் ஓட்டினால் அதுவே இறக்கிப் பென்டிரைவைத் தயார்செய்யும். விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி வெறுமனே பென்டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது, ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருள் வழியாக எழுதவேண்டும். விண்டோஸ் 11 கோப்பு 5 ஜிபியைத் தாண்டும். ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக் வைத்திருப்பவர்கள் மொபைலில் முயலவேண்டாம், வைஃபை உள்ள நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள். யாரோ டெலிகிராமில் போட்ட 'சூப்பர் லைட்' விண்டோஸ் வேண்டவே வேண்டாம், அதில் எதை எடுத்தார்கள் எதைச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பென்டிரைவைச் செருகினாலும் பழைய விண்டோஸே தொறக்குதே?

ஆன் ஆனவுடன் பூட் மெனு கீயை விட்டு விட்டுத் தட்டவேண்டும். டெல், லெனோவோவில் எஃப்12. ஹெச்பி-யில் எஃப்9. ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதைப் பயாஸுக்குள் போய் முதலில் அனுமதிக்கவேண்டும். லெனோவோ ஐடியாபேடில் ஓரத்தில் குண்டூசி நுழையும் அளவு ஓட்டை ஒன்று இருந்தால், அணைந்திருக்கும்போது அதைக் குத்துங்கள், மெனு வரும். ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அதனால் ரீஸ்டார்ட் கொடுத்துத் தட்டுங்கள்.

எல்லாம் வந்துச்சு, ஆனா டிஸ்க் காட்டவே மாட்டேங்குது. எஸ்எஸ்டி போச்சா?

பயாஸில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) சரியாகச் செருகப்படவில்லை, அல்லது போய்விட்டது. பயாஸில் தெரிந்து இன்ஸ்டாலரில் மட்டும் தெரியாவிட்டால், எஸ்எஸ்டி நன்றாகவே இருக்கலாம். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற அமைப்பு டிஸ்குக்கு முன்னால் நிற்கிறது, அதற்கான டிரைவர் விண்டோஸ் பென்டிரைவில் இருப்பதில்லை.

லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராக வையுங்கள். டிஸ்க் பட்டியல் வரும் இடத்தில் டிரைவரை ஏற்றும் பொத்தான் இருக்கும், அதன் வழியாகக் காட்டினால் டிஸ்க் எழுந்து வரும். பயாஸில் விஎம்டியை அணைத்தும் போடலாம். ஆனால் பழைய விண்டோஸ் இன்னும் வேண்டும் என்பவர்கள் அதைத் தொட்டால், மேலே சொன்ன நீலத் திரைக் கதைதான்.

பாதியில கரண்ட் போச்சுன்னா?

பேட்டரி நன்றாக இருந்தால் கவலையில்லை. பேட்டரி உப்பிப்போய்க் கழற்றிவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டுபவர்கள்தான் யோசிக்கவேண்டும். விண்டோஸ் ஏறும்போது கரண்ட் போனால் பெரிய நஷ்டமில்லை, முதலிலிருந்து தொடங்கலாம். பயாஸ் அப்டேட் நடக்கும்போது போனால் போர்டே எழாமல் போகலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் இதற்கு உட்காரவேண்டாம். எஸ்எஸ்டி என்றால் அரைமணி நேரம், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு மணிக்கு மேல். அதன்பின் வரும் அப்டேட்டுகளுக்குக் கணக்கே இல்லை, சாப்பிட்டுவிட்டு வரலாம்.

பாதியிலேயே நின்னு ஏதோ எர்ரர் நம்பர் குடுக்குது. மூணு தடவை பாத்துட்டேன்.

80070570 அல்லது 8007025டி என்று முடியும் எண் வந்தால், கோப்பைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்று பொருள். வேறு பென்டிரைவ், வேறு யுஎஸ்பி போர்ட் என்று மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே தீரும். அப்படியும் நின்றால், இரண்டாம் கேள்வியில் சொன்ன டிஸ்க், ரேம் சோதனைக்குத் திரும்பிப் போங்கள். நான்காம் தடவை முயல்வது மட்டும் வேண்டாம், அந்தப் பாடத்துக்கு நான் ஏற்கெனவே விலை கொடுத்தாகிவிட்டது.

வைஃபையே காட்டலை. நெட் இல்லாம அடுத்த பக்கமும் போகமாட்டேங்குது.

வைஃபை டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதைக் கம்பி வழி இணையமாக எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் பெரும்பாலான டிரைவர்கள் தானே வரும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் மிச்சமிருந்தால் கம்பெனி தளத்தில் தேடுங்கள். போர்டு மாற்றியதில் சீரியல் எண் எழுதப்படாமல் இருக்கலாம், தளம் தானாகக் கண்டுபிடிக்காது. லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து மாடலைக் கையால் கொடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் தருகிறேன் என்னும் மென்பொருள்களை நான் கடைக்குள் விடுவதில்லை.

விண்டோஸ் கீ எங்க இருக்கு? போர்டு மாத்தினா திரும்பக் காசு கட்டணுமா?

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கம்பெனியே விண்டோஸ் போட்டுக் கொடுத்த லேப்டாப்புகளில் உரிம எண்ணான கீ, மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. போர்டு அதேதான் என்றால் நீங்கள் எதையும் தட்டவேண்டாம். அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் ஆக்டிவேட் ஆகிவிடும். நம் ஊரில் விற்பதில் ஏராளமானவை 'ஹோம் சிங்கிள் லாங்வேஜ்' பதிப்பு. அதற்குப் பதில் ஆசைப்பட்டு புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது.

போர்டு மாறினால் கதை மாறும். உத்தரவாதக் காலத்தில் கம்பெனியின் சேவை மையமே பழுதான போர்டுக்குப் பதில் வேறு போர்டு போட்டிருந்தால் உங்கள் உரிமம் தொடரும். வெளியில் பழைய போர்டு வாங்கி மாற்றியிருந்தால், லேப்டாப்போடு வந்த உரிமம் பழைய போர்டோடு போயிற்று. தனியாகக் கடையில் வாங்கிய விண்டோஸ் என்றால் மாற்றிக்கொள்ளலாம். முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள சரிசெய்யும் கருவியில் வன்பொருளை மாற்றினேன் என்று தேர்ந்தெடுங்கள். போர்டு மாற்றும் செலவைப் பேசும்போதே இதையும் கேட்டுவிடுவது நல்லது, பல கடைகளில் யாரும் சொல்வதில்லை.

ஆன்லைன்ல முந்நூறு ரூபாய்க்குக் கீ கிடைக்குதே அக்கா?

கிடைக்கும். பெரும்பாலும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்ததில் கசிந்தவை, எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஆக்டிவேட்டர்கள் அதைவிட மோசம், திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்து நாயையும் கட்டிப்போடுவது போல. பணம் சேரும்வரை ஆக்டிவேட் செய்யாமலேயே ஓட்டுங்கள். மூலையில் ஒரு வாசகம் தெரியும், வால்பேப்பர் மாற்றமுடியாது, பாதுகாப்பு அப்டேட் வரும்.

ஸ்கூல்ல குடுத்த லேப்டாப். இதுல விண்டோஸ் 11 போட முடியுமா?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸும், இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அந்தக் காலத்து லேப்டாப்புக்கு 11 ஒத்துவராது. டிபிஎம் 2.0, செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை என்று அது கேட்கும். ரூஃபஸால் இந்தச் சோதனைகளைத் தாண்டிப் போடமுடியும். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. காசு வாங்கிக்கொண்டு அப்படிப் போட்டுக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கூடுதல் பாதுகாப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை. பழைய லேப்டாப்பை வைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுத் தருகிறேன், கூடவே ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. யூடியூப், எழுத்து வேலை, தமிழ்த் தட்டச்சு எல்லாம் ஓடும். டேலி வேண்டுமென்றால் மட்டும் இது சரிவராது.

தெரியாம ஃபார்மேட் போட்டுட்டேன். ஃபோட்டோவைத் திரும்ப எடுக்க முடியுமா?

இப்போதே அணையுங்கள், பிறகு பேசலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத இடங்களிலிருந்து மீட்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு நிமிடமும் விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பதால்தான் அணைக்கச் சொல்கிறேன். எஸ்எஸ்டி என்றால், அழித்த இடங்களை டிரிம் என்ற கட்டளை உடனே காலி செய்யச் சொல்லிவிடும். நம்பிக்கை மிகக் குறைவு. பிட்லாக்கர் இருந்த டிஸ்க் என்றால் மறந்துவிடுங்கள். போன், கூகுள் ஃபோட்டோஸ், உறவினர் வாட்ஸ்அப் குரூப் என்று தேடுவதே மேல், அதில் கிடைத்தது அதிகம்.

விக்கப் போறேன். ஓஎஸ் புதுசா போட்டா போதும்ல?

போதாது. முந்தைய பதிலே காரணம்: நீங்கள் மீட்கமுடிந்தால் வாங்குபவரும் மீட்கலாம். விண்டோஸின் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, டிரைவைச் சுத்தம் செய்யும் விருப்பத்தையும் ஆன் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்கில் பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

புதுசா போட்டதும் ஏதோ கம்பெனி பேர் வந்து அவங்க மெயில் ஐடி கேக்குது. ஹேக் ஆயிடுச்சா?

இல்லை. சென்னை, பெங்களூர் நிறுவனங்கள் கழித்துவிட்ட லேப்டாப்புகளும் அவற்றின் போர்டுகளும்தான் பழைய சந்தையில் அதிகம். அந்த நிறுவனம் தன் இயந்திரங்களை ஆட்டோபைலட் என்ற முறையில் மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்திருக்கும். அடையாளம் போர்டைச் சார்ந்தது, டிஸ்கை எத்தனை முறை துடைத்தாலும் இணையத்தில் இணைந்ததும் அந்தப் பெயர் திரும்ப வரும். உங்கள் லேப்டாப்பே புதிதாக வாங்கியதாக இருந்தாலும், உள்ளே போட்ட பழைய போர்டு அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

பதிவை நீக்க அந்த நிறுவனத்தால்தான் முடியும். இணையம் இல்லாமல் தாண்டிப்போகும் தந்திரங்கள் அடுத்த ஃபார்மேட்டில் உங்களைத் திரும்ப இங்கேயே கொண்டுவந்து நிறுத்தும். ரசீதோடு விற்றவரிடம் போய், பதிவை நீக்கித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள். திருட்டுப் பொருளாக இருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், வாங்கும்போதே கடையிலேயே ஒருமுறை இணையத்தில் இணைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம்.

நீங்க சொன்னதெல்லாம் பண்ணியாச்சு. இன்னும் பழையபடி ஹாங் ஆகுதே?

அப்படியானால் பரீட்சை முடிந்தது, ரிப்பேரில்தான் பாக்கி இருக்கிறது. கூடுதல் மென்பொருள் எதையும் ஏற்றாமல் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள்: சூடானால் மட்டுமா, மூடியை அசைத்தால் மட்டுமா, சார்ஜர் செருகினால் மட்டுமா, வீடியோ பார்க்கும்போதா. மூடியை அசைத்தால் நிற்கிறது என்று ஒருவர் சொன்னதில், மூன்று நாள் தேடவேண்டிய கேபிளைப் பத்து நிமிடத்தில் பிடித்தேன்.

அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரிப்பேர் செய்த கடையிலேயே கொடுங்கள். ஓஎஸ் போட்டால் சரியாகிவிடும் என்று அவர்கள் தொடங்கினால், புதிதாகப் போட்ட தேதியைச் சொல்லுங்கள். லேப்டாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், சார்ஜரும் வேண்டும். பாதி நாள் அதில்தான் கோளாறு இருக்கும்.